இரும்பு நுழையும் வாயிலில் காட்மியம்

இரத்தசோகையுடன் வருவோரிடம் கீரை உண்ணுமாறு கூறுவது மருத்துவர்களாகிய எங்கள் வழக்கம். அக்கீரை எந்த மண்ணில், எந்த நீரில் விளைந்தது என்னும் வினாவும் அந்த அறிவுரையுடன் சேரவேண்டும் என்பது எங்கள் கருத்து.

மண்ணிலுள்ள இரும்பையும் துத்தநாகத்தையும் செடியின் வேர், அவற்றுக்கென அமைந்த புரத வாயில்கள் வழியே ஏற்கிறது. காட்மியம் என்னும் நச்சு உலோகம் அவற்றை ஒத்திருப்பதால் அதே வாயில்களில் நுழைந்து, அச்சத்துகள் இலைக்குச் செல்வதைத் தடுக்கிறது. குரோமியமும் ஈயமும் பெரும்பாலும் வேரிலேயே தங்கி வேரைக் கெடுக்கின்றன. காட்மியமோ இலைவரை ஏறிவிடும். சர்வதேச உணவுத்தர அமைப்பான கோடெக்ஸ் அதற்கு விதித்துள்ள வரம்பு, கிலோவுக்குக் கீரைகளில் 0.2 மில்லிகிராம், கத்தரி, வெண்டை போன்றவற்றில் 0.05 மில்லிகிராம்.

கழுவினால் போகாதா என்று பலர் கேட்கின்றனர். மேலே படிந்த புழுதியும் அதிலுள்ள ஈயமும் போகும். வேர்வழி ஏறியது போகாது. கொதிக்கவைத்தாலும் உலோகம் அழியாது.

நம் குடலிலும் இரும்பை ஏற்கும் புரதம் காட்மியத்தையும் ஏற்கிறது. உடலில் இரும்பு குறைந்திருந்தால் காட்மியம் மேலும் மிகுதியாக உறிஞ்சப்படும். கீரை யாருக்கு மிகவும் தேவையோ, மாசுபட்ட கீரையால் அவருக்கே கேடு அதிகம். சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியம் பத்தாண்டுகளுக்கு மேலும் அங்கே தங்கும். ஜப்பானில் ஜின்சு ஆற்று நீரில் விளைந்த அரிசியை உண்டோருக்குச் சிறுநீரகமும் எலும்பும் சிதைந்தன. 1968இல் அந்நாட்டு அரசு காட்மியமே காரணம் என ஏற்றது.

நம் மாநிலத்திலும் பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதை உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் தீர்ப்பில் பதிவு செய்தது. சங்கரன்கோவில் வட்டாரத்தில் அத்தொழில் அவ்வாறு பெருகவில்லை என்பது ஆறுதல். ஆயினும் சாக்கடை நீர் பாயும் பாத்தியும், பழைய பேட்டரி உடைக்கும் இடத்தை அடுத்த தோட்டமும் எந்த ஊரிலும் இருக்கக்கூடும். பாலில் கலப்படம் பார்க்கும் உணவுப் பாதுகாப்புத் துறையினர் சந்தைக் கீரையையும் அதே அக்கறையுடன் மாதிரி எடுத்து ஆராயவேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துகிறோம்.

அதுவரை கீரையை நிறுத்திவிடாதீர்கள். அச்சத்தால் நிறுத்துவதும் கேடே. விற்பவரிடம் தோட்டம் எங்கே, கிணற்று நீரா என்று கேளுங்கள். ஒரே தோட்டத்துக் கீரையையே நாள்தோறும் வாங்காமல் மாற்றி வாங்குங்கள். வீட்டு முருங்கை இருப்பின் நன்று. மருத்துவர் தந்த இரும்பு மாத்திரையைக் கீரையை நம்பி விட்டுவிட வேண்டாம். டயாலிசிஸ் செய்துகொள்வோர் மட்டும், பொட்டாசியம் கருதி, கீரையின் அளவை எங்களிடம் கேட்டே முடிவு செய்யவும்.