விருப்பும் பழிப்பும்

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் ஒவ்வொருவர்க்கும் உள்ளங்கவர்ந்த மொழி ஒன்றுண்டு. 'பாஸ்கல்' தமக்கு உகந்ததாகாமைக்குக் காரணங்களை அடுக்கி, 'சி' மொழி நூலாசிரியருள் ஒருவரான பிரையன் கெர்னிகன் 1981இல் கட்டுரையே வரைந்தார். அது நேரிய திறனாய்வு, வரவேற்கின்றோம். ஆயின், 'கோபோல்' பயில்வது அறிவை முடமாக்கும் என 1975இல் அறிஞர் டைக்ஸ்ட்ரா இகழ்ந்ததை நாம் ஏற்பதற்கில்லை. 2020இல் கொள்ளைநோயால் வேலையிழந்தோர் உதவித்தொகை வேண்டிக் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் கோபோல் அறிந்தோரை உதவிக்கு அழைத்தார். அரசின் பழைய கணிப்பொறிகள் அம்மொழியிலேயே இயங்கின. அல்லலுற்றோர்க்கு உதவி சேர்க்கும் மொழி இழிந்ததாகுமா? விரும்புதல் அவரவர் உரிமை, பழித்தல் உரிமையன்று. விரும்பிய மொழியில் வல்லமை பெறுவோம். விரும்பாத மொழியையும் கற்றறிந்த பின்னரே எடைபோடுவோம்.