விளக்குக் காசு விளக்குக்கே

தெருவிளக்குச் செலவை மின்கட்டண ரசீதில் சேர்க்கலாமா? சியாட்டில் நகரம் 1999-இல் அப்படித்தான் செய்தது. தெருவிளக்கு ஊர்ப் பொதுப்பணி. அதற்காக மின் நுகர்வோரிடம் வாங்குவது கட்டணமல்ல, வரி என்று 2003-இல் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு சரியே. ஆனால் பொது நிதி வற்றிப்போன ஊர் என்ன செய்யும்? டெட்ராய்ட் 2013-இல் திவாலானபோது அங்கே ஏறக்குறைய 40 விழுக்காடு விளக்குகள் எரியவில்லை. விடியுமுன் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகளும் இரவுப்பணி முடிந்து நடந்து வரும் பெண்களும்தான் அந்த இருட்டில் அஞ்சி நடந்தார்கள். பிறகு மின்சாரம், எரிவாயு, தொலைபேசி ரசீதுகளின் மீது நகரம் வசூலிக்கும் வரியிலிருந்து ஆண்டுக்கு 1.25 கோடி டாலர் ஒரு தனி விளக்கு ஆணையத்துக்கு ஒதுக்கப்பட்டது. அந்த நிச்சய வருமானத்தை நம்பிக் கடன் பத்திரங்கள் விற்கப்பட்டன. 2016 முடிவதற்குள் சுமார் 65,000 எல்இடி விளக்குகள் எரிந்தன. அந்த வரி ரசீதுத் தொகையில் விழுக்காடு என்பது முக்கியம். மாளிகைக்கும் ஒற்றை அறை வீட்டுக்கும் ஒரே தொகை விதிப்பது அநியாயம். நகர மன்றங்களே, ரசீதின் வழியாகக் கேளுங்கள், தருகிறோம். ஆனால் அதை வரி என்றே சொல்லுங்கள், அந்தக் காசை விளக்கைத் தவிர வேறெதற்கும் தொடமுடியாதபடி சட்டத்தில் எழுதிவையுங்கள்.