கதவைத் தட்டவே அனுமதி வேண்டும்!

ஒரு மனிதர் ஏழு மாதம் விமான நிலையத்திலேயே குடியிருந்தார் என்றால் நம்புவீர்களா?

2018-ம் ஆண்டு மலேசியாவில் நடந்தது இது. அவர் சிரியா நாட்டு வாலிபர். கோலாலம்பூர் விமான நிலையம்தான் அவருக்கு வீடு. படுக்கை அங்கே, குளியல் அங்கே. விமானக் கம்பெனி கொடுத்த சாப்பாட்டைத் தின்று நாளை ஓட்டினார். அவர் திருடியவர் அல்ல. யாரையும் அடித்தவர் அல்ல. அவர் கையில் இருந்தது சிரியா பாஸ்போர்ட். அதுதான் வினை!

முன்பு அவர் அரபு எமிரேட்சில் வேலை பார்த்தார். நல்ல சம்பளம். 2011-ல் சொந்த நாட்டில் உள்நாட்டுச் சண்டை மூண்டது. ராணுவத்தில் சேரும்படி சிரியா சர்க்கார் அவரைக் கூப்பிட்டது. சொந்த ஜனங்களையே சுட அவருக்கு மனம் இல்லை. போகவில்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க முடியாமல் போயிற்று. அத்துடன் வேலையும் போயிற்று. கடைசியில் எமிரேட்ஸ் அவரை மலேசியாவுக்கு அனுப்பிவிட்டது.

ஏன் மலேசியா? முன்கூட்டி விசா வாங்காமல் சிரியாக்காரர் போய் இறங்கக்கூடிய மிகச் சில நாடுகளில் அது ஒன்று. ஆனால், மூன்று மாதம்தான் தங்கலாம். அதற்குப் பிறகு?

ஈக்வடார் நாட்டுக்கு டிக்கெட் வாங்கினார். விமானத்தில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். கம்போடியாவுக்குப் போனார். உள்ளே விடாமல் வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள். மலேசியாவும் மறுபடி உள்ளே விடவில்லை. முன்னால் போகவும் வழி இல்லை, பின்னால் போகவும் வழி இல்லை.

கனடாவில் சில நல்ல மனிதர்கள் அவருக்காகப் பொறுப்பேற்றார்கள். 2018 நவம்பரில் அவர் கனடா போய்ச் சேர்ந்தார். அவருக்காவது விடிந்தது!

27 எங்கே, 193 எங்கே?

பாஸ்போர்ட்டை நம் நாட்டு சர்க்கார் கொடுக்கிறது. "இவர் எங்கள் ஆள்" என்று அது சொல்கிறது. விசாவை நாம் போக விரும்பும் நாடு கொடுக்கிறது. "சரி, வரலாம்" என்று அது சொல்கிறது. இரண்டும் இருந்தால்தான் பயணம்.

முன்கூட்டி விசா வாங்காமல் எத்தனை இடங்களுக்குப் போகலாம் என்று ஹென்லி என்ற கம்பெனி கணக்கெடுத்துப் பட்டியல் போடுகிறது. 2025 ஜூலைப் பட்டியலில் முதலிடம் சிங்கப்பூருக்கு. அந்த நாட்டுக்காரர் 193 இடங்களுக்குப் போகலாம். சிரியாக்காரருக்கு 27 தான்! அதற்கும் கீழே இருந்தது ஆப்கானிஸ்தான் ஒன்றே.

இந்தப் பாஸ்போர்ட்டாவது மலிவாகக் கிடைத்ததா? அதுவும் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் சிரியாக்காரர் பாஸ்போர்ட் வாங்க 300 டாலர் கட்ட வேண்டும் என்று 2017-ல் அன்றைய சர்க்கார் சட்டம் போட்டது. அவசரம் என்றால் 800 டாலர்! பலருக்கு அது செல்லுபடியானது இரண்டு வருஷம்தான். குதிரை விலை கொடுத்து நொண்டிக் கழுதை வாங்கிய கதை!

அண்டை வீட்டுக் கதவுகள்

சண்டைக்கு முன்பு நிலைமை இவ்வளவு மோசம் இல்லை. லெபனான் போக அடையாள அட்டை போதும். துருக்கி 2009-ல் விசாவை எடுத்துவிட்டது. அங்கே கல்யாணம், இங்கே சந்தை என்று ஜனங்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

குண்டு விழ ஆரம்பித்த பிறகுதான் கதவுகள் சாத்தப்பட்டன. எகிப்து 2013 ஜூலையில் விசா கேட்டது. லெபனான் 2015 ஜனவரியில் கட்டுப்பாடு போட்டது. விமானத்திலும் கப்பலிலும் வருகிறவர்களுக்குத் துருக்கி 2016 ஜனவரியில் விசா வைத்தது. விசா கேட்காமல் இருந்த சூடானும் 2020 டிசம்பரில் மாறிவிட்டது.

அண்டை நாடுகளை மட்டும் திட்டிப் பயன் இல்லை. லட்சக்கணக்கான ஜனங்களை ஏற்கெனவே ஏற்றுச் சோறு போட்ட நாடுகள் அவை. தொலைவில் இருந்த பணக்கார நாடுகள் என்ன செய்தன என்பதே என் கேள்வி.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கணவன் ஜெர்மனியில். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் டமாஸ்கஸில். கணவனிடம் போக அந்தப் பெண்ணுக்கு விசா வேண்டும். டமாஸ்கஸில் இருந்த ஜெர்மன் தூதரகத்தை 2012-லேயே மூடிவிட்டார்கள். 2025 மார்ச்சில் திறந்தபோதும் விசா வேலை அங்கே நடக்கவில்லை. லெபனானின் தலைநகரான பெய்ரூத்துக்குத்தான் போக வேண்டும். தூரம் என்னவோ நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்தான். ஆனால் லெபனானுக்குள் நுழைய 2015 முதல் காரணம் காட்ட வேண்டும். "தூதரகத்தில் இந்தத் தேதிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்" என்று சீட்டைக் காட்டினால் 48 மணி நேரம் அனுமதி. அந்தத் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஆக, விசா கேட்பதற்கே ஓர் அனுமதி! கதவைத் தட்டவே அனுமதி! பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய், ஒரு காகிதம் குறைந்தால் மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

கள்ளப் படகுக்கு யார் காரணம்?

"இவர்கள் ஏன் உயிரைப் பணயம் வைத்துப் படகில் போகிறார்கள்? விமானத்தில் போகக்கூடாதா?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விடை ஒரு சட்டத்தில் இருக்கிறது.

2001-ல் ஐரோப்பிய யூனியன் ஒரு விதி செய்தது. விசா இல்லாத ஆளை ஏற்றி வந்தால் விமானக் கம்பெனிக்கு அபராதம். ஆளுக்கு ஆயிரக்கணக்கான யூரோ! கம்பெனி என்ன செய்யும்? விசா இல்லாதவரைப் புறப்படும் இடத்திலேயே தடுத்துவிடும். டிக்கெட் பரிசோதிக்கும் சிப்பந்தி எல்லைப் போலீஸ் ஆகிவிட்டார். உயிருக்குப் பயந்து வந்தவரா, உல்லாசப் பயணியா என்று விசாரிக்க அவருக்கு நேரமும் இல்லை, அதிகாரமும் இல்லை.

விமானத்துக்குக் கொடுக்க வைத்திருந்த பணம் கள்ளப் படகுக்காரன் பைக்குப் போயிற்று. 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரை மணலில் குப்புறக் கிடந்த அந்தச் சிறு பையனின் படத்தை உலகமே பார்த்தது. சிரியாவில் இருந்து வந்த குடும்பம் அது. எதிரே தெரிந்த கிரீஸ் தீவு சில கிலோமீட்டர் தூரம்தான்.

பாதுகாப்பு முக்கியம் என்று சர்க்கார்கள் சொல்கின்றன. அதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். வருகிறவன் யார் என்று கேட்க எல்லா நாட்டுக்கும் உரிமை உண்டு. ஆனால் 2015 நவம்பரில் பாரிசைத் தாக்கியவர்களில் சிலர் எப்படி வந்தார்கள்? போலி சிரியா பாஸ்போர்ட்டுடன், கிரீஸ் தீவு வழியாக, அகதிக் கூட்டத்தில் கலந்து வந்தார்கள். விசா மதில் அவர்களைத் தடுக்கவில்லை. தூதரக ஜன்னலில் வரிசையில் நின்று, கைரேகை வைத்து, கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராக இருந்தவர்கள்தான் வெளியே நின்றார்கள். 2025 டிசம்பரில் அமெரிக்காவும் சிரியாக்காரருக்குத் தடை போட்டது. 2026 ஜனவரி 1 முதல் அது அமல். நாட்டின் பெயரைப் பார்த்துக் கதவைச் சாத்துவது சுலபம். ஆளைப் பார்த்து விசாரிப்பதுதான் பாதுகாப்பு.

நடக்காத காரியம் அல்ல

இதை முன்பே செய்து காட்டியவர்கள் உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் நாடிழந்த ரஷ்யர்கள் ஐரோப்பாவெங்கும் அலைந்தார்கள். நார்வே நாட்டு நான்சென் என்ற பெரியவர் அவர்களுக்காக ஒரு தனிப் பத்திரம் ஏற்படுத்தினார். பனிக்கடலில் பயணம் செய்து பேர் வாங்கிய வீரர் அவர். 1922-ல் வந்த அந்தப் பத்திரத்தை ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றுக்கொண்டன. 1924-ல் ஆர்மீனியர்களுக்கும் அதைக் கொடுத்தார்கள். உயிர் தப்பிய ஆர்மீனியர்கள் பலருக்கு அடைக்கலம் கொடுத்த ஊர் எது தெரியுமா? இன்று சிரியாவில் இருக்கும் அலெப்போ! ஈராக் பற்றி எரிந்தபோதும், 2007 அக்டோபர் வரை ஈராக்கியரிடம் சிரியா விசா கேட்டதில்லை.

2013-ல் பிரேசில் நாடு சிரியாக்காரருக்குக் கருணை விசா கொடுக்கத் தொடங்கியது. வழக்கமான காகிதங்களைக் கேட்டுத் தொல்லை செய்யவில்லை. விமானம் ஏறி, வந்து இறங்கி, அங்கே அடைக்கலம் கேட்கலாம். பிரேசில் ஒன்றும் முழுகிப் போய்விடவில்லை! மற்ற நாடுகளும் பக்கத்து நாட்டில் உள்ள தங்கள் தூதரகங்களில் இப்படி ஒரு ஜன்னல் திறந்தால் என்ன?

2024 டிசம்பர் 8-ல் பழைய ஆட்சி கவிழ்ந்தது. ஜனாதிபதி ஆசாத் மாஸ்கோவுக்கு ஓடினார். அதன் பிறகு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் வெளிநாடுகளில் இருந்து ஊர் திரும்பியிருக்கிறார்கள். திரும்பாதவர்களும் ஊரைப் பார்க்கத் துடிக்கிறார்கள். வீடு நிற்கிறதா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, பள்ளிக்கூடம் நடக்கிறதா? பார்க்காமல் பிள்ளைகுட்டிகளுடன் எப்படிக் கிளம்புவது? ஆனால் ஜெர்மனியில் அடைக்கலம் பெற்றவர் ஊருக்கு ஒரு நடை போனால், "இனி உனக்குப் பாதுகாப்பு தேவையில்லை" என்று அடைக்கலமே பறிபோகலாம். அந்தப் பயத்தில் பலர் போகவில்லை.

துருக்கி ஒரு நல்ல காரியம் செய்தது. 2025 ஜனவரி முதல் ஜூலை வரை, குடும்பத்துக்கு ஒருவர் மூன்று முறை ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று விட்டது. ஐரோப்பிய நாடுகளும் அதையே செய்யட்டும். குடும்பத் தலைவர் ஒரு மாதம் ஊருக்குப் போய், வீட்டைப் பார்த்துவிட்டு வந்து மனைவி மக்களுடன் யோசிக்கட்டும்.