வெண்சுவரும் கரிய கல்லும்

யாழ்ப்பாணத்தில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள். கோட்டை, நல்லூர், மந்திரிமனை என்று பட்டியல் போட்டுக்கொண்டுதான் எரியோட்டிலிருந்து புறப்பட்டிருந்தேன். ஆனால் காலையில் பொதுநூலகத்துக்குள் நுழைந்தவன் மாலை வரை வெளியே வரவில்லை.

1933இல் செல்லப்பா என்பவர் தம் வீட்டில் நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கியதில் முளைத்தது இந்நூலகம். 1959இல் இங்கே பெருங்கட்டடமாகத் திறக்கப்பட்டது. 1981 மே 31 நள்ளிரவையொட்டிக் காவல்துறையினரும் அவர்களோடு சேர்ந்த கும்பலும் இட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. 1984இல் ஒரு பகுதி மீண்டும் திறக்கப்பட்டு, போரில் மறுபடியும் சிதைந்தது. இப்போதிருப்பது பழைய வடிவிலேயே எழுப்பப்பட்டு 2004 முதல் இயங்குவது.

முகப்பில் சரசுவதி. தூய வெள்ளைச் சுவர்கள். தீ தின்ற சுவடு எதுவும் என் கண்ணில் படவில்லை. வாசிப்பறையில் அருகிலிருந்து தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவனிடம், 'இங்கே முன்பு என்ன நடந்தது தெரியுமா தம்பி?' என்றேன். 'எரிச்சவை எண்டு அம்மம்மா சொன்னவா, சேர். எத்தினை புத்தகம் எண்டு தெரியாது' என்றான். அந்த விடைதான் என்னை எழுதவைத்தது.

எரிந்த கூட்டை நினைவுச்சின்னமாக அப்படியே விட்டுவிட வேண்டும் என்று வாதிட்டவர்கள் அன்று இருந்தார்கள். அவர்களோடு என்னால் உடன்பட இயலவில்லை. கருகிய சுவருக்குள் அமர்ந்து எந்தப் பிள்ளையும் படிக்க முடியாது. நூலகத்துக்குச் செய்யத்தக்க மரியாதை அதில் வாசிப்பதே. ஆனால் மீட்பது வேறு, மறைப்பது வேறு.

இங்கே ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் நினைவுக்கு வருகிறது. நான் போனதில்லை, படங்களில்தான் பார்த்திருக்கிறேன். 1945 பிப்ரவரிக் குண்டுவீச்சில் அங்கே இடிந்துவிழுந்த மாதா தேவாலயம் பல பத்தாண்டுகள் கற்குவியலாகவே கிடந்தது. 2005இல் மீண்டும் எழுந்து நின்றபோது, இடிபாட்டிலிருந்து பொறுக்கியெடுத்த பழைய கற்கள் ஆயிரக்கணக்கில் சுவரில் சேர்க்கப்பட்டிருந்தன. வெளிர்நிறப் புதுக்கற்களுக்கிடையே அவை கரியவாய்த் தெரிகின்றன. வழிபட வருபவருக்கும் வரலாறு கண்ணில் படாமல் போகாது. அது குறைக்கான அடையாளமன்று, நேர்மைக்கான அடையாளம்.

நம் ஊர்ப்பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டின்மேல் வண்ணம் பூசி எழுத்தை மூழ்கடித்துவிட்டு, 'கோயில் புதுப்பொலிவு பெற்றது' என்று மகிழ்பவர்கள்தாமே நாம்! புதுமைக்கும் மறதிக்கும் இடையிலுள்ள வேறுபாடு நமக்கு இன்னும் பிடிபடவில்லை.

யாழ் நூலகத்தின் ஒரு சுவரிலேனும், எரிந்துபோன நூல்களில் தலைப்பு தெரிந்தவற்றை வரிசையாகப் பொறித்துவைக்கலாம். சினமூட்டுவதற்காக அன்று. அந்த மாணவன் தலைநிமிர்ந்து பார்க்கும்போது, தான் அமர்ந்திருக்கும் இடத்தில் முன்பு எவையெவை இருந்தன என்று படித்தறிவதற்காக. படிப்பதற்குத்தானே அவன் அங்கே வந்திருக்கிறான்?