வெட்டிய வேரும் வெட்டாத வேரும்

மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு முற்பகலில், கண்டிமாநகரின் கடைவீதியிலே மருந்துச் சரக்குக் கடையொன்றின் வாயிலில் நாம் நின்றிருந்தோம். நடுத்தர வயதுடைய அம்மையார் ஒருவர் கடைக்காரரிடம் சிறு குப்பியொன்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு ஐயத்துடன் நோக்கிக்கொண்டிருந்தார். அதில் இருந்தது வெட்டிவேர் எண்ணெய்.

"மகன் உயர்தரப் பரீட்சை எழுதப் போகிறான், முதலாளி. இரவில் நித்திரையே இல்லை. இதில் நாலு துளியைப் பாலில் விட்டுக் கொடுக்கலாமா?" என்று அவர் கேட்டார்.

"குடிக்கக் கொடுக்க வேண்டாம் அம்மா. இது முகர்வதற்கு மட்டுந்தான்" என்றார் கடைக்காரர். அவர் நேர்மையானவர். ஆயினும் அம்மையாரின் மனம் அமைதி கொள்ளவில்லை. நம் பக்கம் திரும்பி, "நீங்கள் சொல்லுங்கள் ஐயா" என்றார். நாம் மருத்துவரல்லோம். எனினும் கற்றறிந்தோரிடமும் நூல்களிடமும் கேட்டுத் தெரிந்தவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வது இப்பகுதியின் வழக்கமாதலால், இவ்வாரம் வெட்டிவேரைப் பற்றியே எழுதத் துணிந்தோம்.

வெட்டியெடுக்கப்படும் வேராதலின் அது வெட்டிவேர் ஆயிற்று. வடமொழியார் அதனை உசீரம் என்பர். நம் சிங்களச் சகோதரர் சவந்தரா என்பர். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நம் தமிழ்ப் பெயரையே சிறிது திரித்து வழங்குகின்றனர். தோற்றத்தில் அது ஆளுயரம் வளரும் ஒரு புல், மானாப்புல்லுக்கு உறவு. மானாப்புல்லின் மணம் இலையில் இருக்கிறது. வெட்டிவேரின் மணமோ மண்ணுக்குள்ளே மறைந்திருக்கிறது.

ஒன்றரை ஆண்டு முதல் இரண்டாண்டு வரை வளர்ந்த புல்லைத் தூரோடு அகழ்ந்து, வேரைக் கழுவி, உலர்த்தி, நறுக்கி, நீராவியில் வடித்தால் எண்ணெய் கிடைக்கும். வேரின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவே எண்ணெய் தேறும். அதற்கும் ஒரு பகலும் ஓர் இரவும் அடுப்பெரிய வேண்டும். தேன்போலத் தடித்துப் பழுப்பு நிறத்துடன் சொட்டும் இவ்வெண்ணெயிலுள்ள பொருள்கள் எளிதில் ஆவியாவதில்லை. எலுமிச்சையின் மணம் சிறிது நேரத்தில் பறந்துவிடும். வெட்டிவேரின் மணமோ துணியில் நாட்கணக்கில் தங்கும். பிற மணங்களையும் தன்னோடு பிடித்து நிறுத்துவதனாலேயே வாசனைத் தைலம் செய்வோர் உலகெங்கும் இதனை நாடுகின்றனர்.

நறுமணங்களைக் கொண்டு உடலையும் உள்ளத்தையும் தேற்றும் முறைக்கு அரோமாதெரபி என்று பெயர். பிரெஞ்சு இரசாயனவியலாளர் கத்தபோசே 1937ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலால் அப்பெயர் நிலைபெற்றது. அம்முறையினர் வெட்டிவேர் எண்ணெயை மன அமைதி தருவதென்று போற்றுகின்றனர். இதில் உண்மை எவ்வளவு? நாசியில் பட்ட மணத்தின் செய்தி, உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய மூளைப் பகுதிகளை மிகக் குறுகிய வழியில் சென்றடைகிறது. ஆகவே ஒரு மணம் நம்மை அமைதிப்படுத்துவது கற்பனையன்று. எலிகளைக் கொண்டு செய்த சோதனைகளில் இவ்வெண்ணெயின் மணம் அச்சத்தைத் தணித்ததாகவும் கண்டிருக்கின்றனர். ஆனால் மனிதரிடத்தே நடந்த ஆய்வுகள் சிலவே, அவையும் சிறியன. நித்திரையின்மையையோ வேறெந்த நோயையோ இது தீர்க்கும் என்று எவரும் நிலைநாட்டவில்லை.

எனவே அந்த அம்மையாருக்கு நாம் கூறியது இதுதான். பஞ்சில் இரண்டு துளியை விட்டு மகனின் படுக்கையருகே வைக்கலாம். தேய்ப்பதானால் 30 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெயில் அல்லது நல்லெண்ணெயில் ஆறு துளிக்கு மேற்படாமல் கலந்து, முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்த பின்னரே பயன்படுத்த வேண்டும். கண்ணருகே கொண்டுபோகலாகாது, ஒருபோதும் அருந்தலாகாது, குழந்தைகளின் கைக்கு எட்டவும் வைக்கலாகாது. கர்ப்பிணிகளும் கைக்குழந்தை உடையோரும் மருத்துவரைக் கேட்காமல் இதனைத் தொடாதிருப்பதே நன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, மகன் நேரத்தோடு புத்தகத்தை மூடி விளக்கை அணைக்கட்டும். அதன் பின்னும் வாரக்கணக்கில் நித்திரை வராவிடில் செல்ல வேண்டிய இடம் வைத்தியரின் வீடேயன்றி வாசனைக் கடையன்று.

வடித்த எண்ணெயினும் வேர் சாதுவானது. கழுவிய வேரில் ஒரு பிடியை, காய்ச்சி ஆற்றிய நீர் நிறைந்த மண்பானையில் இட்டுவைப்பது நம் முன்னோர் கண்ட முறை. வேரைத் தட்டியாக முடைந்து சாளரத்தில் தொங்கவிட்டு நீர் தெளித்தால், உள்ளே வரும் காற்று குளிர்ந்து மணக்கும். காய்ச்சலுற்றோரின் தாகந் தணிக்க ஆயுள்வேதத்தார் வழங்கும் ஷடங்க பானீயத்தில் சேரும் ஆறு சரக்குகளுள் உசீரமும் ஒன்று.

இவற்றையெல்லாம் கேட்ட அம்மையார், குப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேர்க்கட்டு ஒன்றை வாங்கினார். அக்கட்டின் அடியிலே சிறிது செம்மண் ஒட்டியிருந்தது. எந்த நிலத்தின் மண்ணோ என்று எண்ணியவாறே வீதியில் இறங்கினோம். அப்பொழுது மேகத்தினூடே ஹந்தானை மலை தெரிந்தது.

வாசகர்களே, இவ்வேரின் இரண்டாவது பயன் அங்கேதான் இருக்கிறது. அது வெட்டாத வேரின் பயன்.

கண்டிச் சீமையின் மலைச்சரிவுகள் ஒரு காலத்தில் அடர்காடுகளாக இருந்தவை. கோப்பிக்காக அவை அழிக்கப்பட்டன. பின்னர் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட, சரிவுகள் தேயிலைக்கு உரியனவாயின. காடு காத்த மண்ணை மழை கரைக்கலாயிற்று. கரைந்த மண் ஓடைகளில் விழுந்து மகாவலியைச் சேர்ந்து, 1976இல் எழுந்த பொல்கொல்லை அணையிலும் 1985இல் நிறைவுற்ற விக்டோரியா நீர்த்தேக்கத்திலும் சேறாகப் படிகிறது. இத்தீங்கை உணர்ந்தே 1951ஆம் ஆண்டில் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டத்துக்கு முன்பே நம் தோட்டத் தொழிலாளர் கான் வெட்டியும் கல் அடுக்கியும் அம்மண்ணைக் காத்து வந்திருக்கின்றனர்.

அவர்களுக்கு உற்ற துணையாகக் கூடியது வெட்டிவேர். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், நாலைந்து அங்குலத்துக்கு ஒரு தூராக அதனை நட்டுவைத்தால், இரண்டோர் ஆண்டுகளில் நெருங்கிய வேலியாகிவிடும். ஓடிவரும் நீர் அவ்வேலியில் தடைப்பட்டு மெல்லக் கசிந்து இறங்க, அது சுமந்துவந்த மண் வேலியின் பின்னே தங்கிவிடும். வேர் பக்கவாட்டில் படராது நேர்கீழாக மூன்று மீற்றர் வரை இறங்குவதால் அயலிலுள்ள பயிரோடு பெரிதும் போட்டியிடுவதில்லை. அவ்வேரின் இழுவலிமை மென்னுருக்கின் வலிமையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு என்று அளந்து கூறியுள்ளனர். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1993இல் இப்புல்லைப் பற்றித் தனி நூலே வெளியிட்டு, மண்ணரிப்புக்கு எதிரான மெல்லிய பசுங்கோடு என்று அதற்குப் பெயர் சூட்டியது.

ஆயினும் மிகைபடக் கூறலாகாது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களைப் புதைத்த சரிவையோ, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் பெருமழையால் கண்டி மாவட்டத்தில் உயிர்களைப் பலிகொண்ட சரிவுகளையோ ஒரு புல் தடுத்து நிறுத்தியிருக்கும் என்று கருதுவது பேதைமை. ஆழத்தில் நீரூறி மலையே பெயரும்போது வேரும் அதனோடு பெயரும். சுவரில் வெடிப்பும், மரங்களின் திடீர்ச் சாய்வும், புதிய ஊற்றும் கண்டால் உடனே வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையை மதித்தல் வேண்டும். புல் காப்பது மேல்மண்ணை. அம்மேல்மண்ணே பயிருக்கு உயிர் என்பதை மறவாதிருப்போம்.

இனி, இரண்டு பயன்களும் ஒன்றோடொன்று மோதும் இடத்தைக் காண்போம். எண்ணெய் வேண்டுமாயின் வேரை அகழ வேண்டும். அகழ்ந்தால் மண் இளகும். உலகச் சந்தைக்கு வெட்டிவேர் எண்ணெயைப் பெருமளவில் அளிப்பது ஹெயிட்டி நாடு. அங்கே வறிய உழவர்கள், கைச்செலவுக்கு வேறு வழியின்றி, வேர் முதிருமுன்பே சரிவுகளைக் கிளறி எடுக்கின்றனர். அடுத்த மழையில் அந்த மண் கடலுக்குப் போகிறது. மண்ணைக் காக்கப் பிறந்த புல்லே மண்ணை இழப்பதற்குக் காரணமாகிறது. குற்றம் புல்லினுடையதன்று, உழவருடையதென்றும் கூறுதற்கில்லை. வேரின் விலை உழவரிடம் வந்து சேராமையே அதன் மூலம்.

எண்ணெய்க்கு நல்ல விலை உண்டென்று கேள்வியுற்று, நம் மலைநாட்டிலும் இப்புல்லைப் பயிரிட விரும்புவோர் உளர். அவர்களுக்கு நாம் கூற விரும்புவது ஒன்றே: சரிவிலே வேலியாக நட்ட வேரை ஒருநாளும் தோண்டாதீர்கள். அதன் இலையை அறுத்துத் தேயிலையடியில் பரப்புங்கள். இளந்தழையை மாட்டுக்கு இடுங்கள். அகழ்வதற்கென நடுவதைச் சமநிலத்தில் நடுங்கள். தமிழகத்துக் கடலூர்ப் பகுதியில் கடலோர மணற்பாங்கான நிலத்திலேயே இதனை விளைவிக்கின்றனர். மணலில் வேர் எளிதாக வரும், அரிப்பும் குறைவு. வீட்டுத் தேவைக்கோ ஒரு சாக்கில் மணலும் மண்ணும் நிரப்பி முற்றத்தில் வைத்தாலே போதும். ஒன்றரை ஆண்டு சென்றதும் சாக்கைக் கிழித்தால் வேர் முழுவதும் கைக்கு வரும்; தூரைப் பிரித்து மீண்டும் நடலாம்.

மாணவர்களே, உங்கள் பாடசாலையின் பின்புறத்தில் மழைநீர் செந்நிறமாக வழிந்தோடும் சரிவொன்று இருக்குமாயின், ஆசிரியரிடம் அனுமதி பெற்று அதன் குறுக்கே ஒரு வரிசை வெட்டிவேர் நடுங்கள். அடுத்த மாரியில் வேலிக்குக் கீழே வழியும் நீரைக் கண்ணாடிக் குவளையில் ஏந்தி, வேலிக்கு மேலே ஏந்திய நீரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த நீர் கலங்கியது, எந்த நீர் தெளிந்தது என்பதை நமக்கும் எழுதுங்கள்.