குடுவைக்குள் சுத்தம்... குழாய்க்குள்?



திசு வளர்ப்பு பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். சின்னத் தண்டுத் துண்டு ஒன்றை, உப்பும் சர்க்கரையும் வைட்டமினும் கலந்த அகார் ஊடகத்தில் வைத்தால் முழுச் செடியாகிறது. 1962-ல் முராஷிகே, ஸ்கூக் இருவரும் வகுத்த ஊடகம்தான் இன்றும் பெரும்பாலும் புழக்கத்தில்.

இதே குடுவையில் காட்மியம், ஈயம் போன்றவற்றை அளந்து கலந்து, மாசு செடியை என்ன செய்கிறது என்றும் பார்க்கலாம். முதல் அடி வேருக்குத்தான். குட்டையாகிப் பழுப்பேறி நின்றுவிடும். பிறகு இலை மஞ்சளாகும். மழை, பூச்சி என்ற குழப்பமில்லாததால் குற்றவாளி யார் என்பது பளிச்சென்று தெரியும்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு குற்றவாளியைப் பற்றி!

பயிற்சிக்காக அடையாறு பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தேன் (பெயர் வேண்டாமே!). ஒரு மேஜையில் மாசுச் சோதனை. அடுத்த மேஜையில், தண்டுத் துண்டுகளைக் கிருமி நீக்க 0.1 சதவீத மெர்குரிக் குளோரைடு. முக்கி எடுத்தபின் கரைசல் நேராக சிங்க்கில்!

"சார், இது பாதரசமாச்சே?"

"ரொம்ப டைல்யூட்டுப்பா. தண்ணிய திறந்து விடு, போயிடும்."

போயிடுமா? கணக்குப் போடுவோம். ஒரு லிட்டர் கரைசலில் 1 கிராம் உப்பு. அதில் பாதரசம் சுமார் 740 மில்லிகிராம். குடிநீரில் அனுமதி லிட்டருக்கு 0.001 மில்லிகிராம்தான். அப்படியானால் அந்த ஒரு லிட்டரை அந்த அளவுக்குக் கரைக்க 7 லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். 12,000 லிட்டர் தண்ணி லாரி சுமார் 60!

பாதரசம் ஒரு தனிமம், மக்கி அழியாது. மயிலாப்பூரில் பறக்கும் ரயிலுக்கு அடியில் கறுத்துக் கிடக்கும் பக்கிங்காம் கால்வாயிலோ, அடையாற்றுச் சேற்றிலோ படிந்தால், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக்கும். அது மீனுக்கு ஏறும்; மீனிலிருந்து நமக்கு. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்ட பின்னும் மண்ணிலிருந்த பாதரசம் தானாகப் போய்விடவில்லையே!

மெர்குரிக் குளோரைடு நன்றாக வேலை செய்கிறது, உண்மை. சோடியம் ஹைப்போகுளோரைட்டில் சில துண்டுகள் பூஞ்சை பிடித்து வீணாகலாம். ஆகட்டுமே! முடிந்தவரை அதையே பயன்படுத்துவோம். முடியாத இடத்தில், கழுவிய நீரையும் சேர்த்துத் தனி கேனில் பிடித்து, அபாயக் கழிவாக ஒப்படைப்போம். ஒரு கேன், ஒரு லேபிள்... அவ்வளவுதானே செலவு?

மாசைப் படிக்கிற நாமே மாசாகலாமா? நாளை நீங்கள் நிற்கப்போகும் லேபிலும் ஒரு சிங்க் இருக்கும். ஊற்றும் முன் ஒரு நிமிடம்... யோசிப்போமா?

- இறுதியாண்டு கெமிக்கல் மாணவன்