ஓடுகிற பிள்ளையும் பார்க்கிற ஊரும்

ஒலிம்பிக் பந்தயங்கள் நான்கு வருஷங்களுக்கு ஒரு முறை வருகின்றன. அவற்றோடு கூடவே நம் தேசத்துக்கு ஒரு துக்கமும் தவறாமல் வந்து சேருகிறது. 2024-ஆம் வருஷம் பாரிஸ் நகருக்கு 140 கோடி ஜனங்களின் பிரதிநிதிகளாக 117 பேர் சென்றார்கள். ஒரு வெள்ளிப் பதக்கமும் ஐந்து வெண்கலப் பதக்கங்களும் கொண்டு வந்தார்கள். தங்கம் ஒன்றுகூட இல்லை. பந்தயங்கள் நடந்த நாளெல்லாம் ரயில் வண்டியிலும் காப்பி ஹோட்டலிலும் இதே பேச்சுத்தான். "சர்க்கார் பணம் கொடுப்பதில்லை" என்றார் ஒருவர். "சங்கங்களுக்குள் கட்சிச் சண்டை" என்றார் இன்னொருவர். "நம் சாப்பாட்டிலே சத்து ஏது?" என்று கேட்டார் மூன்றாமவர். பந்தயம் முடிந்த மறுநாள் மூவரும் வேறு விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

மூவர் சொன்னதிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நம்மைப்போல் ஏழ்மையும் அடிமைத்தனமும் கண்ட ஒரு சின்னஞ்சிறு தேசத்தை நேயர்கள் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

1948-ஆம் வருஷம் லண்டன் ஒலிம்பிக்கில் நம் ஹாக்கி வீரர்கள் பிரிட்டிஷ் கோஷ்டியை, அவர்களுடைய தலைநகரிலேயே, நாலுக்குப் பூஜ்யம் என்று தோற்கடித்தார்கள். சுதந்திரம் பெற்று ஒரு வருஷம் நிறைய மூன்று நாட்களே இருந்தன. அந்தச் சந்தோஷத்தை நம் வீடுகளில் இன்றும் பேசுகிறோம். அதே லண்டனில் ஆர்தர் விண்ட் என்ற நெடிய மனிதர் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அவருடைய தேசத்தவரான ஹெர்ப் மெக்கென்லி இரண்டாவதாக வந்தார். இருவரும் ஜமெய்க்காத் தீவினர். அந்தத் தீவோ அப்பொழுது பிரிட்டிஷ் குடியேற்ற நாடு. 1962-இல்தான் விடுதலை பெற்றது. இன்று அங்கே சுமார் 28 லட்சம் ஜனங்கள். சென்னைப் பட்டணத்தில் அதைவிட அதிகம் பேர் வசிக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட தேசம் 2008-இல் பீஜிங் நகரில் என்ன செய்தது? உஸேன் போல்ட் 100 மீட்டரையும் 200 மீட்டரையும் உலக சாதனையுடன் வென்றார். பெண்களின் 100 மீட்டரில் மூன்று பதக்கங்களையும் ஜமெய்க்காப் பெண்களே அள்ளிக் கொண்டார்கள்.

"அவர்கள் ரத்தத்திலேயே ஓட்டம் இருக்கிறது" என்று சொல்லிக் கையைக் கழுவி விடுவது சுலபம். ரத்தத்தில் என்ன இருந்தாலும், அதை வெளியே கொண்டு வர ஒரு ஏற்பாடு வேண்டுமல்லவா? அந்த ஏற்பாட்டை ஜமெய்க்கா 1910-ஆம் வருஷத்திலேயே செய்துவிட்டது. அந்த வருஷம் தீவின் உயர்தரப் பள்ளிப் பையன்களுக்கு ஓட்டப் பந்தயங்கள் ஆரம்பமாயின. பெண்களுக்கு 1957-இல் தொடங்கின. 1999-இல் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். 'சாம்ப்ஸ்' என்று செல்லமாக அழைக்கப்படும் இந்தப் பந்தயங்கள் தலைநகரான கிங்ஸ்டனில் நடைபெறுகின்றன. அங்கே ஓடுகிறவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பார்க்க வருகிறவர்கள் யார்? பெற்றோர், பழைய மாணவர், கடைக்காரர், பஸ் டிரைவர், பாட்டிமார்! கடைசி நாளன்று சுமார் முப்பதினாயிரம் பேர் கொள்ளும் மைதானத்தில் இடம் கிடைப்பது அரிது. அவரவர் தாம் படித்த பள்ளியின் வர்ணக்கொடியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்துகிறார்கள். பதினாறு வயதுப் பையன் ஒருவன் வென்றால் மறுநாள் தேசம் முழுவதும் அவன் பெயர் தெரிகிறது. போல்ட் உலகத்துக்குத் தெரிவதற்கு முன்பே ஜமெய்க்கா அவரைத் தெரிந்து வைத்திருந்தது.

அங்கும் குறைகள் உண்டு. பள்ளியின் பெருமைக்காக இளம் பிள்ளைகளை அளவுக்கு மீறி ஓட வைத்துவிடுகிறார்கள் என்று அந்நாட்டாரே குறைப்படுகிறார்கள். அந்தக் கஷ்டம் நமக்கு வருவதற்கு இன்னும் வெகு காலம் ஆகும்!

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். 1980-இல் ஜமெய்க்காவில் ஜி. ஸி. ஃபாஸ்டர் தேகப்பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. கட்டிக் கொடுத்தது கியூபா தேசம். அங்கே தேர்ச்சி பெற்றவர்கள் தீவெங்கும் பள்ளிகளுக்குச் சென்று பிள்ளைகளைப் பழக்குகிறார்கள். இதைப் படித்தவுடன் நமக்குப் பொறாமை உண்டாகலாம். ஆனால் பொறாமைக்கு இடமில்லை. ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் தேகப்பயிற்சி உபாத்தியாயர்களுக்கென்று ஒரு கல்விச்சாலையை 1920-ஆம் வருஷமே ஆரம்பித்துவிட்டார். ஜமெய்க்காவுக்கு அறுபது வருஷம் முந்தினவர்கள் நாம்!

நல்ல உபாத்தியாயர் என்ன செய்வார் என்பதற்குச் சாட்சி சேலம் ஜில்லாவில் இருக்கிறது. மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பஸ் மோதி ஒரு கால் ஊனமானவர். அவரை உயரம் தாண்டுவதற்குத் தூண்டியவர் பள்ளியின் தேகப்பயிற்சி ஆசிரியர். 2016-இல் ரியோ நகரில் மாற்றுத் திறனாளிகளுக்கான ஒலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அடுத்த இரண்டு ஒலிம்பிக்குகளிலும் வெறுங்கையுடன் திரும்பவில்லை.

பணம் வேண்டாம் என்று நாம் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். 1976-இல் மான்ட்ரீலில் ஹாக்கியைச் செயற்கைப் புல்தரையில் ஆடினார்கள். மண்ணில் ஆடிப் பழகிய நாம் ஏழாவது இடத்துக்குப் போனோம். 2008-இல் ஒலிம்பிக் ஹாக்கியில் கலந்துகொள்ளும் தகுதியைக்கூட இழந்தோம். ஒடிசா சர்க்கார் 2018 முதல் தேசிய கோஷ்டிகளுக்கு ஆதரவு கொடுத்தது. 41 வருஷங்களுக்குப் பின் டோக்கியோவில் பதக்கம் கிடைத்தது. பாரிஸிலும் கிடைத்தது. ஆனால் பணத்தால் தரை போடலாம். தரைமேல் பிள்ளைகளை யார் அனுப்புவது?

இங்கேதான் நம் போன்ற படித்த குடும்பத்தாரின் பங்கு வருகிறது. பள்ளியில் இடம் கேட்டு வரும் தகப்பனார் பரீட்சையில் எத்தனை பேர் தேறினார்கள் என்று கேட்கிறார். மைதானம் எங்கே என்று கேட்பவரை இத்தனை வருஷ உத்தியோகத்தில் நாம் விரல் விட்டு எண்ணிவிடலாம். பத்தாம் வகுப்பு வந்ததும் டிரில் பீரியடு கால அட்டவணையில் மட்டும் உயிரோடு இருக்கிறது. அந்த நேரத்தில் கணக்குப் பாடம் நடக்கிறது. அதைக் குறித்துப் புகார் எழுதிய பெற்றோர் உண்டா? கணக்கு வாத்தியாருக்கு நன்றிக் கடிதம் எழுதியவர்களே உண்டு! பெண் குழந்தையாயிருந்தாலோ, "வெயிலில் கறுத்துப் போவாள்" என்று வீட்டில் ஒரு குரல் கிளம்புகிறது. ஆண்டு விழாவில் மகள் நடனமாடினால் குடும்பமே முன்வரிசையில் உட்காருகிறது. அதே மகள் நூறு மீட்டர் ஓடினால் அம்மாவுக்குச் சாயங்காலந்தான் சமாசாரம் தெரிகிறது.

செய்ய வேண்டியது பிரமாதமான காரியமல்ல. பள்ளிகளுக்கிடையே நடக்கும் ஜில்லா பந்தயங்களை விடுமுறை நாளில், மாலை வேளையில் வைக்கலாம். பழைய மாணவர் சங்கங்கள் வருஷத்துக்கு ஒரு விருந்து சாப்பிட்டுக் கலைவதற்குப் பதிலாக, கொடியோடு மைதானத்துக்கு வரலாம். பத்து ரூபாய் டிக்கட்கூட வைக்கலாம். காசு கொடுத்து வந்தவன் கவனமாகப் பார்ப்பான். உள்ளூர்ப் பத்திரிகைகள் வென்ற பிள்ளைகளின் படத்தைப் போடலாம். இப்பொழுதோ அந்தப் பந்தயங்கள் வேலை நாளில், உச்சி வெயிலில் நடக்கின்றன. சுற்றி நின்று பார்ப்பவர்கள், தங்கள் முறைக்குக் காத்திருக்கும் மற்றப் பிள்ளைகளும், வேலியோரம் மேய்கிற நாலைந்து ஆடுகளுந்தான்.